கிரவுண்டில் எனக்கென்ன வேலை?

எங்கள் வீட்டில் "மைதானம்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. என் நானாவுக்கு அது உதைபந்து. வாப்பாவுக்கு அது 1990 ஒக்ரோபர் 30.

ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை விளையாட்டரங்குக்குப் போய் ஆட்டம் பார்க்கலாமா? இந்தக் கேள்வி கடந்த வருடம் எங்கள் வீட்டில் எழுந்தது. இரண்டு நாள் தொலைபேசியில் விவாதம் நடந்தது. உம்மா அழுதார். இறுதியில் நான் போனேன். போய் வந்த பின்னர் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. நாங்கள் போகலாம். போகவும் வேண்டும். எங்களைப் பெற்றோரே கூட்டிக்கொண்டு போகவேண்டும். இதைப் பெற்றோரும் வாசிக்கும் எமது சஞ்சிகையில் எழுதுவதே பொருத்தம் என்று நினைத்தேன்.

முதலில் எங்கள் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நயினாதீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் நிற்கும். அங்கிருந்து படகு. நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் வரும் சனத்தோடு நெருக்கியடித்து ஏறினால் சிறிது நேரத்தில் ஊர். கோயிலும் விகாரையும் எல்லோருக்கும் தெரியும். அதே தீவில் ஒரு பள்ளிவாசலும் எங்களைப் போன்ற சில குடும்பங்களும் இருப்பது பலருக்குத் தெரியாது. படிப்புக்காக நான் கிழமை நாட்களில் யாழ் நகரில் சாச்சி வீட்டில் தங்குகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போவேன்.

எங்கள் தீவுப் பகுதியில் உதைபந்துக்குக் குறைவில்லை. ஊர்காவற்றுறையானாலும் நெடுந்தீவானாலும் பின்னேர வெயில் தாழ்ந்ததும் பொடியன்கள் பந்தோடு இறங்கிவிடுவார்கள். நெடுந்தீவில் பவளக்கல் மதிலைத் தாண்டிப் பந்து போனால் அதை எடுத்து வரத் தனியாக ஒருவன் இருப்பான். நானா ஏழு வயதிலிருந்து அந்தக் கூட்டத்தில் ஒருவன். எனக்கும் ஏழு வயது வந்தது. அதே பந்தை நானும் உதைத்தேன். பதினொரு வயதில் "இனிக் காணும் மகள், உள்ளுக்கு வாங்க" என்று உம்மா சொன்னார். அதன்பின் நான் பந்தை மதிலுக்கு மேலாலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே பார்த்தேன்.

கடந்த செப்டெம்பரில் உம்மாவின் கண் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போனோம். உம்மாவின் வாப்பாவும் கூட வந்தார். அவரை நாங்கள் அப்பா என்று கூப்பிடுவோம். மாமா வீட்டில் தங்கினோம். அந்த நாட்களில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் விளையாட்டரங்கில் 17 வயதுக்குட்பட்டோருக்கான தெற்காசிய உதைபந்தாட்ட சம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தது. செப்டெம்பர் 15 முதல் 27 வரை. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு என ஏழு நாடுகள். இறுதிப் போட்டி 27 ஆம் திகதி சனிக்கிழமை. இந்தியாவும் பங்களாதேஷும். மாமா தன் இரண்டு மகன்களோடு போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். "நானும் வரட்டா மாமா?" என்று கேட்டேன். ஆடுகிறவர்கள் என் வயதுப் பிள்ளைகள் என்பதும் என் ஆசைக்கு ஒரு காரணம்.

மாமா மறுக்கவில்லை. "வாப்பாகிட்டக் கேளுங்க மகள்" என்றார். வாப்பா தொலைபேசியில் ஒரே வார்த்தையில் முடித்தார்: "பொம்புளப் புள்ளைக்கு கிரவுண்டுல என்ன வேல?"

எனக்குக் கோபம் வந்தது. மறுத்துப் பேசினேன். வாப்பா தொலைபேசியை வைத்துவிட்டார். அன்றிரவு உம்மாதான் எனக்கு விளங்கப்படுத்தினார். வாப்பா கூட்டத்துக்குப் பயந்தவர். திருவிழாக் கூட்டத்தில் படகேறுவதற்கே தயங்குபவர். அந்தப் பயத்துக்கு ஒரு மைதானம் காரணம்.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானம் எங்கள் சமூகத்தவரின் பந்து உருண்ட இடம். வியாபாரத்துக்காக நயினாதீவிலிருந்து ஐந்து சந்திப் பக்கம் குடியேறிய அப்பா தன் இளம் வயதில் அங்கே வலது பக்கத்தில் ஓடியவராம். 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி காலை, சோனகத்தெருப் பகுதியெங்கும் ஒலிபெருக்கி அறிவித்தல் கேட்டது. எல்லோரையும் அந்த மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். போனார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று அங்கே வைத்துத்தான் சொல்லப்பட்டது. வாப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தன் வாப்பாவின் சாரனைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லில் நின்றவர். அன்று வெளியேறியவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வருடக்கணக்காக வாழ்ந்ததை எங்கள் சஞ்சிகையின் வாசகர்கள் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடுகளிலும் அதே கதை இருக்கும்.

ஆக, வாப்பாவின் கேள்வியில் மார்க்கம் பாதி, பயம் பாதி. இரண்டுக்கும் நான் தனித்தனியாகப் பதில் தேட வேண்டியிருந்தது.

மார்க்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பெருநாள் தினமொன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளும் கேடயங்களும் கொண்டு விளையாடியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்ப்பதற்கு நபி (ஸல்) அவர்கள் தமது மேலாடையால் மறைத்து நின்றார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. அவர்களுக்கே சலிப்பு ஏற்படும் வரை நபியவர்கள் அவசரப்படுத்தாமல் நின்றார்கள். இருவரும் ஓட்டப் பந்தயம் ஓடியதும் ஹதீஸில் உண்டு. ஒரு முறை ஆயிஷா (ரலி) வென்றார்கள். பிறகொரு முறை நபியவர்கள் வென்றார்கள். இதையெல்லாம் நாங்கள் இஸ்லாம் பாடத்தில் படித்துப் பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுக்கிறோம். வீட்டில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். ஒழுக்கமான உடை, பாதுகாப்பான துணை, தவறாத தொழுகை என்ற நிபந்தனைகளை நான் மறுக்கவில்லை. அந்த நிபந்தனைகளோடு பார்ப்பதற்கு வழி இருந்தது என்பதைத்தான் நினைவூட்டுகிறேன்.

பயத்துக்கான பதிலை அப்பாதான் தந்தார். மறுநாள் காலை அவரே தொலைபேசியை வாங்கி வாப்பாவோடு கதைத்தார். "மருமகன், நானும் போறன். முப்பத்தஞ்சு வருசமா நான் ஒரு கிரவுண்டுக்குள்ள கால் வெக்கல்ல. புள்ளையோட போய் வெச்சிட்டு வாறன்" என்றார். வாப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்னர் "மாமா போறதெண்டா சரி" என்றார். இப்படித்தான் நான் கறுவாத்தோட்டத்திலுள்ள அந்தத் திடலுக்குப் போனேன்.

குதிரை என்றால் எங்களுக்கு நெடுந்தீவுதான். அங்கே காட்டுக் குதிரைகள் தம் பாட்டில் மேயும். கொழும்பிலோ வெள்ளைக்காரர் 1893 இல் குதிரை ஓட்டிப் பந்தயம் கட்டுவதற்கென்றே இந்தத் திடலைத் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அதே திடல் விமான ஓடுபாதையாக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்த்துப் போன விமானங்களில் ஒரு பகுதி இங்கிருந்தே மேலே எழுந்தன. குதிரை ஓடிய இடத்தில் குண்டு விமானத்தைத் தேடிப் பறந்த விமானம் ஓடி, இன்று பதினேழு வயதுப் பிள்ளைகள் பந்தோடு ஓடுகிறார்கள். ஓர் இடம் ஒரே மாதிரியாக இருந்துவிடுவதில்லை. மாமா இந்தக் கதையைச் சொன்னபோது அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

உள்ளே நுழையும் வாசலில் அப்பா நின்றுவிட்டார். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். அணிகளின் விபரமாக இருக்கவேண்டும். அப்பா என் கையைப் பிடித்தார். நான் அவரைக் கூட்டிப் போவதாகத்தான் வீட்டில் பேச்சு. உண்மையில் யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று தெரியாது. அறிவித்தல் முடிந்ததும் அவர் "வா புள்ள" என்று நடந்தார்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இந்தியா முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பங்களாதேஷ் கோல் போட்டு 2-2 என்று சமப்படுத்தியது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். நானும் எழும்பிவிட்டேன். பெனால்டியில் இந்தியா 4-1 என வென்றது. தோற்ற பிள்ளைகள் புல்லில் விழுந்து அழுதார்கள். அதில் ஒருவன் என் தம்பியின் அளவுதான் இருந்தான். தொலைக்காட்சியில் அழுகிறவனைக் கமரா ஐந்து செக்கன் காட்டிவிட்டுப் போய்விடும். இங்கே அவன் எழும்பி, முகத்தைத் துடைத்து, வென்றவர்களுக்குக் கை கொடுக்கும் வரை நான் பார்த்தேன். தோல்வியை எப்படி எடுத்துக்கொள்வது என்று நாங்கள் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில்தான் யோசிக்கிறோம். இந்தப் பிள்ளைகள் அதைப் பின்னேரப் பாடமாகப் படிக்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். எங்களுக்குப் பின்னாலிருந்த சில இளைஞர்கள் ஒரு கட்டத்தில் கெட்ட வார்த்தை பேசினார்கள். இதற்காகத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள், அது நியாயம்தான் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். அவர்களில் ஒருவரே எங்களைக் கண்டுவிட்டு மற்றவர்களை அதட்டினார். அதன்பிறகு கத்தினார்கள், விசிலடித்தார்கள், கெட்ட வார்த்தை வரவில்லை. குடும்பங்கள் வராத இடத்தில்தான் நாக்குக்குக் கட்டுப்பாடில்லை. இடம் சரியில்லை என்று நாங்கள் போகாமலிருந்தால் அது சரியாகப் போவதுமில்லை.

பிற நாடுகளில் இந்தக் கேள்வி இதைவிடக் கடுமையாக எழுந்திருக்கிறது. ஈரானில் ஏறக்குறைய நாற்பது வருடங்களாகப் பெண்கள் ஆண்களின் உதைபந்தாட்டத்தை அரங்கில் பார்க்கத் தடுக்கப்பட்டிருந்தார்கள். 2019 ஒக்ரோபர் 10 ஆம் திகதி தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியைப் பார்க்கச் சில ஆயிரம் பெண்கள் அனுமதிக்கப்பட்டார்கள். ஈரான் கம்போடியாவை 14-0 என வென்ற ஆட்டம் அது. ஆட்டம் ஒருபக்கமாக இருந்தாலும் அந்தப் பெண்கள் ஒரு நிமிடத்தையும் வீணாக்கியிருக்கமாட்டார்கள்.

எங்கள் உடையைக் காரணம் காட்டி மறுபக்கத்திலும் கதவை மூடியிருக்கிறார்கள். 2007 இல் கனடாவில் ஹிஜாப் அணிந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தியை நடுவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார். உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சபையும் விதி அதற்கு இடந்தரவில்லை என்றே சொன்னது. 2011 இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்துக்காக அம்மானில் மைதானத்தில் இறங்கியும், தலையை மூடிய உடைக்காகத் தடுக்கப்பட்டது. 2014 இல்தான் அந்தத் தடை முற்றாக நீங்கியது. 2023 ஜூலை 30 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில், மொரோக்கோ வீராங்கனை நுஹைலா பென்சினா ஹிஜாபுடன் பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஆடிய முதலாவது வீராங்கனையானார். அன்று மொரோக்கோ தென்கொரியாவை 1-0 என வென்றது. ஒரு பக்கம் பெண் என்பதற்காகக் கதவு மூடப்பட்டது. மறுபக்கம் ஹிஜாபுக்காக மூடப்பட்டது. இரண்டு கதவுகளும் திறந்துகொண்டிருக்கும் காலத்தில் எங்கள் வீட்டுக் கதவை நாங்களே பூட்டிவைப்பதா?

பெற்றோர்கள் ஒரு காட்சியை நினைவுபடுத்திப் பார்க்கவேண்டும். 2022 டிசம்பர் 10 ஆம் திகதி, கட்டாரில் அல் துமாமா அரங்கு. அந்த அரங்கே அரபு நாடுகளில் ஆண்கள் அணியும் பாரம்பரியத் தொப்பி போன்ற வடிவத்தில் கட்டப்பட்டது. போர்த்துக்கலை வென்று அரையிறுதிக்குப் போன மொரோக்கோ அணியின் சுபியான் புஃபால், முக்காடு போட்ட தன் உம்மாவின் கையைப் பிடித்து மைதானத்துக்குள் கூட்டி வந்து ஆடிச் சிரித்தார். அந்தக் காணொளியை எங்கள் வீட்டில் பத்துத் தடவையாவது பார்த்திருப்போம். வாப்பாவும் பார்த்தார். கண் கலங்கினார். அந்த உம்மாவிடம் கிரவுண்டில் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

தூரத்துக் கதை எதற்கு? தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் அணி அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் சம்பியனாகியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் மண், எங்கள் மாவட்டத்தின் வெயில். யாழ் துரையப்பா விளையாட்டரங்கு பல்லாண்டு காலம் பாழடைந்து கிடந்து, 2016 ஜூன் 18 ஆம் திகதி திருத்தித் திறக்கப்பட்டது. சோனகத்தெருவிலிருந்து அதற்கு நடந்தே போகலாம். நான் என் தோழியரிடம் கேட்டேன். என் வகுப்பில் ஒருவர்கூட அதன் உள்ளே இருந்து ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்த்ததில்லை. மதிலுக்கு வெளியே கோல் சத்தம் கேட்டு "யார் அடிச்சது?" என்று கேட்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

"உயர்தரம் படிக்கிற நேரத்தில் பந்து பார்க்கப் போவதா?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. ஓர் ஆட்டம் இரண்டு மணித்தியாலம். அதைவிட அதிக நேரம் நாங்கள் ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசியில் தொலைக்கிறோம், பெற்றோருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே. வாப்பாவோடு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒரே கோலுக்காக எழும்பிக் கத்துவது எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது?

எனது வேண்டுகோள்கள் பெரியவையல்ல. வருடத்தில் ஒரு நாள், பாடசாலை மட்டப் போட்டியொன்றுக்காவது, ஆசிரியர் துணையோடு எமது மாணவியரைத் துரையப்பா அரங்குக்கு அழைத்துச் செல்லலாம். தீவுப் பகுதி மைதானங்களில் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்கள் பெண்களும் குடும்பங்களும் இருப்பதற்கு ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். சுத்தமான கழிப்பறை ஒன்று வேண்டும். மஃரிபுக்கு முன்னர் ஆட்டம் முடிந்தால் கடைசிப் படகையும் பிடிக்கலாம், தொழுகையும் தவறாது. எமது கல்லூரியின் உள் மைதானத்தில், வெளியார் பார்வை படாத நேரத்தில், எங்களுக்கென்று ஒரு பந்தும் இரண்டு கோல் கம்பங்களும் போதும். ஹிஜாபோடு ஆட விதி இடந்தருகிறது. எங்களில் யாருக்கு அந்தக் கால் இருக்கிறது என்று பந்தை உதைக்காமல் எப்படித் தெரியும்?

ஊருக்குத் திரும்பிய அந்த வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் வாப்பா எங்களுக்காகக் காத்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. படகில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். இயந்திரச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அப்பா கையால் காற்றில் கோடு போட்டு, பந்து எப்படி வந்தது, யார் எங்கே நின்றது என்று காட்டிக்கொண்டிருந்தார். வாப்பா இடையிடையே ஏதோ கேட்டார். படகு கரை சேரும்போது என் பக்கம் திரும்பி, "ஜின்னா கிரவுண்டுல இப்பவும் பந்து அடிக்கிறாங்களாமே, நீ கண்டியா?" என்றார்.

காணவில்லை என்றேன்.

"அடுத்த கிழமை நான் டவுனுக்கு வருவன். பாக்கப் போவம்" என்றார்.

போனோம். பொடியன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா மதில் ஓரமாக நின்று ஒரு இடத்தைக் கையால் காட்டினார். அவர் நின்ற இடம். பிறகு பந்து அந்தப் பக்கமாக உருண்டு போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சகோதரிகளே, உங்கள் வாப்பாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மறுத்தால் கோபப்படாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். பெற்றோர்களே, காரணத்தை எங்களுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.